குடிக்கக் குடிக்கப் பால் பழகுமா?

"ரெண்டு மூனு நாளைக்கு வயித்தக் கலக்கும், அப்புறம் தானா பழகிரும்." பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்று சொல்பவருக்குத் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துக் கிழவியிடம் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இன்னொருவர் இதையே திருப்பிப் போட்டுச் சொல்வார்: "சின்ன வயசுல பால் குடுக்காம வளத்துட்டாங்க, அதான் இப்ப ஒத்துக்கல." இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. பால் போய்க்கொண்டே இருந்தால் அதைச் செரிக்கும் சக்தி குடலில் இருக்கும், நின்றால் சக்தியும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை. அதில் பாதி தவறு. மீதிப் பாதி சரிதான், ஆனால் அது நடக்கும் இடம் நாம் நினைக்கும் இடமல்ல.

முதலில் பாலில் உள்ள சீனியைப் பார்க்கலாம். நுவரெலியா, ஹட்டன் பக்கங்களில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குப் பின்னால் கொட்டில் போட்டு மாடு வளர்ப்பவர்களுக்கு அதன் பெயர் தெரியாமல் இருக்கலாம், காசு தெரியும். விடியற்காலையில் கறந்த பாலைக் கேனில் சுமந்துபோய்ச் சேகரிப்பு நிலையத்தில் கொடுக்கும்போது, எடுப்பவர் உயரமான குவளையில் கொஞ்சம் ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார். கண்ணாடித் தண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் தண்டு அமிழும், மாட்டுக்காரரின் முகமும் கூடவே. பாலின் விலை கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் பார்த்துப் போடப்படுகிறது. பசும்பாலில் அந்தக் கொழுப்பல்லாத திண்மம் சுமார் 8.5 சதவீதம். அதில் பாதிக்கு மேல் லாக்டோஸ் என்ற சீனி. 100 மில்லிலீற்றர் பசும்பாலில் ஏறத்தாழ 4.7 கிராம் இருக்கும். தாய்ப்பாலில் இன்னும் அதிகம், ஏறத்தாழ 7 கிராம்.

லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் கலக்டோஸும் கைகோத்து நிற்கும் இரட்டைச் சீனி. இந்த உருவத்தில் அது குடற்சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போகாது. இரண்டையும் பிரித்துவிட ஒரு நொதியம் வேண்டும், அதுதான் லாக்டேஸ். பிறந்த குழந்தைக்கு உணவே பால் என்பதால், நிறைமாதத்தில் பிறக்கும் அநேகமாக எல்லாக் குழந்தைகளின் குடலிலும் லாக்டேஸ் தாராளமாக இருக்கிறது. பிறவியிலேயே இது இல்லாத குழந்தைகள் மிக அரிது. அப்படிப்பட்டவர்கள் ஃபின்லாந்தில்தான் அதிகம் கண்டறியப்பட்டிருக்கிறார்கள்.

இந்த நொதியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். பள்ளியில் படித்த சடைமுளைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீண்டிருப்பவை. விரல்களின் இடுக்கில் உள்ள பள்ளத்தில் புதிய உயிரணுக்கள் பிறக்கின்றன, மெல்ல மேலே நகர்ந்து முதிர்கின்றன, உச்சிக்குப் போனதும் உதிர்கின்றன. பிறப்பிலிருந்து உதிர்வு வரை மூன்று முதல் ஐந்து நாள். பள்ளத்தில் இருக்கும் இளம் உயிரணுவில் லாக்டேஸ் கிடையாது. மேலே ஏறி முதிரும்போதுதான் அது நொதியத்தைச் செய்து, குடலின் உள்வெளியைப் பார்த்த தன் முகத்தில் நட்டுவைக்கிறது. குடல் நெடுகிலும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. சிறுகுடலின் நடுப்பகுதியில் அதிகம், தொடக்கத்திலும் கடைசியிலும் குறைவு.

ஆக, இன்று உங்கள் குடலில் இருக்கும் லாக்டேஸ் போன வாரத்தில் இருந்ததல்ல. சில நாளுக்கொரு முறை முழுச் சுவரும் புதிதாகிறது. ஒவ்வொரு புதிய உயிரணுவும் லாக்டேஸ் செய்வதா வேண்டாமா என்று புதிதாகத் தீர்மானிக்கிறது. வளர்ந்தவர்களின் உடலில் மாறுவது இந்தத் தீர்மானம்தான்.

லாக்டேஸ் செய்வதற்கான மரபணு நமது 2ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாத பெரியவரிடமும் அது பழுதில்லாமல், ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருக்கிறது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 'பாலைச் செரிக்கும் மரபணு என்னிடம் இல்லை' என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மரபணு இருக்கிறது, அதை வாசிப்பதுதான் நின்றுவிட்டது. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள்பதிவில், பேர் இருக்கிறது; வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அந்தப் பேரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கூப்பிடுகிறவர் யார்? மரபணுவின் வாசலில் சில புரதங்கள் வந்து உட்கார்ந்தால்தான் வாசிப்புத் தொடங்கும். சிடிஎக்ஸ்2, எச்என்எஃப்1 ஆல்ஃபா, காட்டா வகைப் புரதங்கள் இதில் முக்கியமானவை. இவை ஒன்றுசேர்ந்து இந்த வேலையைச் செய்வது குடலில்தான். கண்ணிலோ தோலிலோ லாக்டேஸ் உண்டாகாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இந்தப் புரதங்கள் வயது வந்தவர் குடலிலும் இருக்கின்றன. அப்படியிருந்தும் நொதியம் ஏன் குறைகிறது என்ற கேள்விக்குப் பதில் மரபணுவுக்குள் கிடைக்கவில்லை, அதன் வாசலிலும் கிடைக்கவில்லை. கிடைத்தது பக்கத்து வீட்டில்.

2002இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள், பால் செரிக்கும் பெரியவர்களும் செரிக்காதவர்களும் கலந்த குடும்பங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் ஒரே ஓர் எழுத்தில் வந்து நின்றது. அந்த எழுத்து லாக்டேஸ் மரபணுவிலிருந்து 13,910 எழுத்துகள் தள்ளி, எம்சிஎம்6 என்ற வேறொரு மரபணுவின் உள்ளே, அந்த மரபணுவுக்கே தேவைப்படாத ஓர் இடைப்பகுதியில் இருந்தது. அங்கே 'சி' என்ற எழுத்து இருந்தால் வயதோடு லாக்டேஸ் குறைகிறது; 'டி' இருந்தால் ஆயுள் முழுக்கத் தொடர்கிறது. எம்சிஎம்6 செய்கிற வேலைக்கும் பாலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதன் உள்ளே கிடக்கும் ஒரு துண்டு, நூல் போன்ற டி.என்.ஏ. மடிந்து சுருளும்போது லாக்டேஸ் மரபணுவின் வாசலைத் தொட்டு அதை ஊக்குகிறது. 'டி' எழுத்து இருக்கும்போது ஆக்ட்1 என்ற புரதம் அந்தத் துண்டை இறுகப் பிடிக்கிறது, ஊக்கமும் நிற்பதில்லை.

வயதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? டி.என்.ஏ.வின் மேல் மெதைல் என்ற சிறு வேதித் தொகுதிகள் ஒட்டிக்கொள்வதுண்டு. அதிகம் ஒட்டிய இடத்தை உடல் வாசிப்பதில்லை. 'சி' எழுத்துள்ள நிறமூர்த்தத்தில், வளர வளர அந்த ஊக்கித் துண்டிலும் லாக்டேஸ் மரபணுவிலும் மெதைல் சேர்ந்துகொண்டே போகிறது. 'டி' எழுத்துள்ள நிறமூர்த்தம் இதிலிருந்து பெருமளவு தப்பிவிடுகிறது. ஒருவருக்குத் தாய்வழி 'டி'யும் தந்தைவழி 'சி'யும் கிடைத்திருந்தால், ஒரே உயிரணுவுக்குள் ஒரு நிறமூர்த்தத்தின் மரபணு வாசிக்கப்படும், மற்றதன் மரபணு வாயடைத்துக் கிடக்கும். நொதியம் பாதியளவே உண்டாகும், ஆனாலும் பாலைச் செரிக்க அது போதும். அதனால்தான் 'டி' ஒரு பக்கம் கிடைத்தாலே போதும் என்றாகிறது.

நிறுத்தம் ஒரே நாளில் நடப்பதும் இல்லை, முழுமையாக நடப்பதும் இல்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல பிள்ளைகளுக்கு இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் குறையத் தொடங்கிவிடுகிறது. வட ஐரோப்பாவில், குறையும் மரபு உள்ளவர்களுக்குக்கூடப் பத்து வயதைத் தாண்டும் வரை இழுக்கும். குறைந்து முடிந்தபின் குழந்தைப் பருவ அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ மிஞ்சும். அப்படிப்பட்ட ஒருவரின் குடற்சுவரிலிருந்து சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும்: ஓர் உயிரணுவின் முகத்தில் லாக்டேஸ் இருக்கும், ஒட்டி நிற்கும் அடுத்ததில் இருக்காது. கூப்பிடுவது நின்றபின்னும் ஆங்காங்கே சிலர் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர் என்று சொல்லப்படுபவரும் கொஞ்சம் பாலைத் தாங்குவது இந்த மிச்சத்தின் புண்ணியத்தில்.

இனி ஆரம்பத்தில் சொன்ன நம்பிக்கைக்கு வருவோம். தினமும் பால் குடித்தால் இந்த நிறுத்தத்தைத் தள்ளிப்போடலாமா, நின்றதைத் திரும்பத் தொடங்கலாமா? முடியாது. இஸ்ரேலில் செய்து 1972இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், லாக்டேஸ் குறைந்த பெரியவர்களை மாதக்கணக்கில் தினசரிப் பால் குடிக்கவைத்து, குடற்துண்டு எடுத்து அளந்தார்கள். நொதியம் ஏறவேயில்லை. மறுபக்கச் சாட்சி இன்னும் அழகானது. கலக்டோசீமியா என்ற பிறவி நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தொட்டே பால் கொடுக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் லாக்டோஸ் வாசனையே படாமல் வளர்ந்த இவர்களில், தொடரும் மரபு உள்ளவர்களிடம் லாக்டேஸ் நன்றாகவே இருந்தது. பாலே போகாத குடல் நொதியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. பால் நிரம்பிய குடல் நிறுத்திவிடுகிறது. அந்த எழுத்து, நாம் என்ன குடிக்கிறோம் என்பதைக் கேட்பதே இல்லை. ஆகவே பிள்ளைப் பருவத்தில் பால் வாங்கிக்கொடுக்க வசதியில்லாமல்போன தாய் தன்மேல் இந்தப் பழியைப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் 'பழகிரும்' என்று சொன்ன கிழவி பொய் சொன்னாளா? இல்லை. நொதியம் ஏறாது, ஆனால் தொல்லை குறையும். அதைச் செய்வது சிறுகுடல் அல்ல, பெருங்குடலில் குடியிருக்கும் பக்டீரியாக்கள்.

செரிக்காத லாக்டோஸ் சிறுகுடலில் நிற்கும்போது தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கிறது. அதுதான் முதல் கலக்கம், சிலருக்கு வயிற்றுப்போக்கு. பிறகு அது பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்குள்ள பக்டீரியாக்களுக்கு அது விருந்து. நொதிக்கவைத்து ஐதரசன், காபனீரொட்சைட், சிலருக்கு மெதேன் என்று வாயுக்களையும், சிறு கொழுப்பமிலங்களையும் வெளிவிடுகின்றன. வாயுதான் ஊதலும் உறுமலும். கொழுப்பமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்கிறது, ஆகவே செரிக்காத பாலிலிருந்தும் உடலுக்குக் கொஞ்சம் சக்தி வந்து சேர்கிறது.

தினமும் சிறிது சிறிதாக லாக்டோஸ் கிடைத்தால் இந்தக் குடியிருப்பின் ஆட்சி மாறுகிறது. லாக்டோஸைத் தின்று ஐதரசன் விடாத பிஃபிடோ வகைப் பக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றிடம் லாக்டோஸைப் பிரிக்கும் சொந்த நொதியம் உண்டு. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், செரிக்காதவர்களுக்கு லாக்டோஸின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள், பெருங்குடலில் உண்டாகி மூச்சில் வரும் ஐதரசன் வெகுவாக விழுந்தது, மலத்தில் பக்டீரிய நொதியத்தின் செயல் பன்மடங்கு கூடியது. கிழவி சொன்ன 'ரெண்டு மூனு நாள்' கொஞ்சம் அவசரக் கணக்கு, ஆனால் கணக்கின் திசை சரி.

இதற்குப் பெரிய சாட்சி மங்கோலியா. குதிரை, மாடு, ஒட்டகம் என்று எல்லாவற்றின் பாலும் அங்கே அன்றாட உணவு. ஆனால் அந்த மக்களில் லாக்டேஸ் தொடரும் மரபு உள்ளவர் மிகச் சொற்பம். மரபணு உதவாமலே, பாலைப் புளிக்கவைத்தும் பெருங்குடல் பக்டீரியாவை நம்பியும் அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாலில் வாழ்கிறார்கள்.

பழக்கம் பக்டீரியாவினுடையது என்பதால் விட்டால் போய்விடும் என்ற பாதியும் சரிதான். 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மா (பால் பவுடர்) கடைகளிலிருந்து மறைந்தபோது எத்தனையோ வீடுகள் வெறுந்தேத்தண்ணிக்கு மாறின. மாதக்கணக்கில் பாலில்லாமல் இருந்து மறுபடி தொடங்கிய ஒருவருக்கு முதல் வாரம் வயிறு முணுமுணுத்திருந்தால், அது புது நோயல்ல. உள்ளே குடியிருப்பு மாறியிருக்கும், அவ்வளவே.

உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டேஸ் குறைந்துதான் இருக்கிறது. மற்றப் பாலூட்டிகளுக்கும் அதுவே விதி. கன்று பால்மறந்தபின் பசுவுக்கு லாக்டேஸ் எதற்கு? ஆக, குறைவதுதான் பழைய நிலை, தொடர்வதுதான் புதுமை. பால் அதிகம் விற்கும் நாடுகளில் மருத்துவம் வளர்ந்ததால், அவர்களுடைய நிலை இயல்பாகவும் நம்முடையது குறைபாடாகவும் எழுதப்பட்டுவிட்டது. இந்தத் தலைகீழ்க் கணக்கை நமது பாடப்புத்தகங்களும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

'டி' எழுத்து இந்தியத் துணைக்கண்டத்திலும் இருக்கிறது, ஐரோப்பாவில் உள்ள அதே எழுத்து, அதே பூர்வீகம். பஞ்சாப், ஹரியானா பக்கம் அதிகம். தெற்கே, கிழக்கே வர வரத் தேய்கிறது. மலையகத்தவரின் மூதாதையர் 1820களிலிருந்து கோப்பிக்கும் பின்பு தேயிலைக்குமாகத் திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணில் பெரும்பான்மையோருக்கு வயது வந்தபின் லாக்டேஸ் குறைந்துவிடும். தயிரும் மோரும் அங்கே அன்றாடம், பால் விசேஷத்துக்கு; அந்தச் சமையல் வழக்கத்தை இந்த உடலோடு சேர்த்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் மாடும் ஒட்டகமும் மேய்த்தவர்களிடம், அதே எம்சிஎம்6 துண்டில், சில எழுத்துகளே தள்ளி, வேறு மாற்றங்கள் தனித்தனியே தோன்றியிருக்கின்றன. ஒரே இடத்தில் இத்தனை தடவை மாற்றம் வந்து அதே பலன் கிடைத்திருப்பதால், லாக்டேஸின் கட்டுப்பாடு அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதில் சந்தேகம் மிஞ்சவில்லை.

பால் குடிக்கத் தொடங்கியதால் இந்த எழுத்துப் பரவியது என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2022இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு அதைச் சிக்கலாக்கிவிட்டது. பழம்பானைச் சில்லுகளில் ஊறிய பாற்கொழுப்பையும் பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்ததில், ஐரோப்பியர் பால் பயன்படுத்தத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தே, கி.மு. 1000 அளவில்தான், 'டி' பரவலாகியிருக்கிறது. பஞ்சமும் கொள்ளைநோயும் வந்த காலங்களில், ஏற்கனவே நலிந்த உடலுக்குப் பாலால் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போதுதான் இந்த எழுத்துக்கு மதிப்பு வந்திருக்கும் என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். வயிறார உண்பவருக்கு அது வெறும் வாயுத் தொல்லை.

இனி நம் தேத்தண்ணிக் கோப்பைக்கு வருவோம். முழுக்கொழுப்புப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லாக்டோஸ். இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்துக் கிராம் பால்மா போட்ட பால் தேத்தண்ணியில் நான்கு கிராமுக்கும் கீழேதான் வரும். லாக்டேஸ் குறைந்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய கோப்பைப் பால், பெரிய தொல்லையில்லாமல் தாங்குவார்கள் என்று 2010இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு கூறியது. நாளுக்கு மூன்று நான்கு பால் தேத்தண்ணி குடிப்பவர், மரபு எதுவானாலும், தொல்லைக் கோட்டைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டிருப்பதன் இரகசியம் இதுதான். அதே ஆள் நோன்பு முடித்தோ, மருத்துவர் சொன்னாரென்றோ வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் அரை லீற்றர் பச்சைப்பாலைக் காய்ச்சிக் குடித்தால் கதை வேறு. சோற்றோடோ ரொட்டியோடோ குடித்தால், இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குவதால், மிச்சமிருக்கும் நொதியத்துக்கு அவகாசம் கிடைக்கும்.

ஆனால் கிராம் கணக்கு சொல்லாத ஒன்றை மலையில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்க வேண்டும். காலையில் ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் மட்டும் போதும் என்பவர்களிடம் பால் பிடிக்காதா என்று கேட்டால், பிடிக்கும் என்பார்கள். "காலங்காத்தால பாலக் குடிச்சிட்டு மலைக்கு ஏறுனா, நடுவுல வயிறு கலக்குச்சுன்னா எங்க தாயி போறது?" என்று ஒரு மூதாட்டி என்னைத் திருப்பிக் கேட்டார். கொழுந்து பறிக்கும் பெரும்பாலான மலைகளில் கழிப்பறை கிடையாது. மருத்துவ நூலில் 'லேசான அறிகுறி' என்று எழுதப்படும் கலக்கம், சரிவில் கூடையோடு நிற்கும் ஒருத்திக்கு லேசானதல்ல. அவர் பாலைத் தவிர்ப்பது அறியாமை இல்லை. தன் உடலையும் தன் வேலையிடத்தையும் அறிந்து எடுத்த முடிவு. மாற்ற வேண்டியது மலையில் உள்ள வசதியை. பாலை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது என்பதற்கும் விடை இருக்கிறது. பால் உறையும்போது பக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. அதோடு, உயிரோடிருக்கும் தயிர் பக்டீரியாக்கள் தங்கள் நொதியத்தைச் சுமந்துகொண்டு நம் சிறுகுடலுக்குள் வருகின்றன. பித்தம் பட்டு உடைந்ததும் அந்த நொதியம் வெளிவந்து மிச்ச லாக்டோஸைப் பிரிக்கிறது. சொந்த நொதியம் இல்லாதவருக்கு இரவல் நொதியம். தயிரைச் சூடாக்கிக் குழம்பில் கொதிக்கவிட்டால் இந்த உதவி போய்விடும். தாளிப்பைச் சற்று ஆறவிட்டுச் சேர்க்கும் மோருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை, முற்றிய சீஸிலும் அப்படியே.

காய்ச்சினால் தொல்லை போகும் என்பது தவறு. கொதி கிருமியைக் கொல்லும், லாக்டோஸைத் தொடாது. சுண்டக் காய்ச்சினால் அதன் செறிவுதான் ஏறும். 'சீமை மாட்டுப் பால்தான் ஒத்துக்காது, நாட்டு மாட்டுப் பால் சேரும்' என்ற பேச்சும் லாக்டோஸைப் பொறுத்தவரை நிற்காது. நுவரெலியாக் குளிரில் வளர்க்கும் ஃபிரீசியனோ ஜேர்சியோ அயர்ஷயரோ, நாட்டுப் பசுவோ, லாக்டோஸ் ஏறத்தாழ ஒரே அளவு. எருமைப்பாலிலும் பெரிதாக வித்தியாசமில்லை. பால் ஒவ்வாமை வேறு விஷயம்: அது பாற்புரதத்துக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு கிளர்வது, தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று வரும், துளியும் ஆகாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பக் கூடாது.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, சில மணி நேரம் இடைவிட்டு இடைவிட்டு ஊதச்சொல்வார்கள். பெருங்குடலில் உண்டான ஐதரசன் இரத்தம் வழியே நுரையீரலுக்கு வந்து மூச்சில் ஏறும். பத்து இலட்சத்தில் 20 பங்குக்கு மேல் ஏறினால் செரிக்கவில்லை என்று பொருள். கவனிக்க வேண்டியது, சில இடங்களில் கொடுப்பது 50 கிராம் லாக்டோஸ், ஒரு லீற்றர் பாலில் இருக்கும் அளவு. அதில் தோற்றவர் ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணியை விட்டுவிட வேண்டும் என்று அந்த முடிவு சொல்லவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில்தான் அதிக நிதானம் வேண்டும். இலங்கையின் 2016 குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். இந்த நிலையில், பால் ஒத்துக்கொள்ளாது என்ற பயத்தில் பிள்ளையின் கோப்பையைப் பறிப்பது பெருந்தவறு. கொட்டிலில் மாடு நின்றும், கறந்ததில் பெரும்பகுதி கேனில் ஏறிப்போகிற வீடுகளில் பிள்ளைக்கென்று ஒரு கோப்பை ஒதுக்குவது கடினம் என்பது தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். லாக்டேஸ் குறையத் தொடங்கிய பிள்ளையும் சிறு அளவுகளில் பிரித்துக் கொடுத்தால் தாங்கும், தயிராகக் கொடுத்தால் இன்னும் நன்றாகத் தாங்கும்.

கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் வரும் பால் தொல்லை வேறு கணக்கு. கிருமி சடைமுளைகளின் முதிர்ந்த உயிரணுக்களை அழித்துவிடுகிறது. லாக்டேஸ் உச்சிப்பக்கம் இருப்பதால் முதலில் இழப்பதும் அதைத்தான். மரபணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் மீண்டும் வளர்ந்து முதிர்ந்ததும், சில வாரங்களில், நொதியம் திரும்பிவிடும். இந்த இடைவெளியில் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலில் லாக்டோஸ் அதிகமாயிற்றே என்று நிறுத்தச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்குச் சில நாள் பாலுக்குப் பதில் தயிர்சோறு கொடுத்துப் பார்க்கலாம். போக்கு இரண்டு வாரம் தாண்டினாலோ, இரத்தம் கண்டாலோ, எடை இறங்கினாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ பாலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.